ஐம்பதுக்கு மேல் மறுபடியும் மோட்டார்: காசில்லாதவனா, கிறுக்கனா?

செப்டம்பர் 14, வாசகர் கேள்வி

மலேசியாவில் எங்கள் சிலிம் ரிவர் பக்கம் இப்போது ஐம்பதைத் தாண்டிய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்ப மோட்டார் சைக்கிள் ஏறுகிறார்கள். என் மாமாவும் அதில் ஒருவர். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அந்த வயதில் மோட்டார் எடுக்கிறவன் ஒன்று காசில்லாதவன், இல்லாவிட்டால் கிறுக்கன். மூன்றாவது வகை இருந்தால் சொல்லுங்கள்.

செப்டம்பர் 14, இரவு 9:50

இருக்கிறது. மகனிடம் காடியை, அதாவது காரை, கொடுத்தவன். அது நான்தான். வயது 53, செம்பனை (பாமாயில்) ஆலையில் ஸ்டோர் வேலை. பையன் படிப்புக்குக் காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வயதில் இன்னொரு காடிக்கு ஒன்பது வருடத் தவணை போட்டால் ஓய்வு பெற்ற பிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பழைய ஹொண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் ஒன்று தார்ப்பாய்க்குள் கிடந்தது. டயர் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, ஏறிவிட்டேன்.

செப்டம்பர் 15, காலை

உங்கள் 'காசில்லாதவன்' பற்றி ராத்திரி யோசித்தேன். கோபமாகக் கேட்டீர்களோ விளையாட்டாகக் கேட்டீர்களோ, எங்கள் ஊரில் நிறையப் பேர் மனதில் இருப்பது அதுதான்.

முதல் வாரம் ஆலைக்கு மோட்டாரில் போனபோது ரோட்டில் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி: "காடி என்னாச்சு அண்ணே? வித்துட்டீங்களா?" ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, கடன் ஏதாவது பிரச்சினையா, கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். பாசமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

கோலாலம்பூரில் ஐம்பது வயது ஆள் மோட்டார் எடுத்தால் பொழுதுபோக்கு என்பார்கள். ஜாக்கெட், கையுறை, ஞாயிற்றுக்கிழமை காலை கெந்திங் மலை அடிவாரத்தில் காப்பி, நாலு படம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு மோட்டார் வேறு. அப்பாவின் ஹொண்டா சி70 விடியற்காலை பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகும், ரப்பர் பால் வெட்டப் போகும், ஹெண்டலில் பால் சுமக்கும் காண்டா வாளி தொங்கும். மத்தியானம் அதே வண்டி எங்கள் மூன்று பேரையும் பள்ளியிலிருந்து ஏற்றி வரும். பட்டணத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்து காடி வாங்கியதும் மோட்டாரை விட்டோம். அதை விட்டதுதான் முன்னேற்றம் என்று எல்லாருக்கும் பதிந்துவிட்டது. அதனால் திரும்ப ஏறினால் இறங்கிவிட்டான் என்றே பார்க்கிறார்கள்.

என் அம்மாகூட அப்படித்தான். "உங்கப்பா விட்டதை நீ ஏன் தொடுறே?"

செப்டம்பர் 15, மதியம்

பழைய லைசென்ஸ் மோட்டாருக்கு இன்னும் செல்லுமா என்று கேட்டவருக்கு: நம் நாட்டில் காடிக்கும் மோட்டாருக்கும் ஒரே அட்டைதான். காடிக்கான டி, மோட்டாருக்கான பி2 இரண்டையும் இருபது வயதில் எடுத்திருந்தால், காடி லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பி2-வும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டிருக்கும். அட்டையை எடுத்துப் பாருங்கள். பி2 என்றால் 250 சிசி வரை. 500 வரை பி1, அதற்கு மேல் பி. காலாவதியாகி மூன்று வருடம் தாண்டியிருந்தால் கதை வேறு, மறுபடி பரீட்சைக்குத்தான் போக வேண்டும்.

முப்பது வருடம் மோட்டாரைத் தொடாதவனும் சட்டப்படி நாளைக் காலையே 250 சிசி ஓட்டலாம். ஒருவரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு இது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 17, இரவு

"ஒரு தடவை கற்றுக்கொண்டால் மறக்குமா?" என்று பஹாவ் ஊர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மறக்காது. சிக்கலே அதில்தான்.

கியர் மாற்றுவது, சமநிலை, மெதுவாகப் போகும்போது காலைத் தரையில் வைக்கிற நேரம், எல்லாம் முதல் சாயங்காலமே வந்துவிட்டது. அதோடு பழைய கெட்ட பழக்கமும் வந்தது. என்னைப் போலத் தோட்டத்தில் கற்றவர்கள் எல்லாரும் கேட்டு வளர்ந்த உபதேசம்: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுரும்." அப்பா சொன்னார், மண்டோர் (மேஸ்திரி) சொன்னார், மூத்த பையன்கள் சொன்னார்கள். செம்மண் ரோட்டில் அது சரியான பேச்சு. சரளைக் கல்லில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் கண் சிமிட்டுவதற்குள் தரையில் கிடப்போம். பின் சக்கரம் பூட்டினால் வால் ஆடும், சமாளித்துவிடலாம்.

தார் ரோட்டில் கணக்கு தலைகீழ். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்துகிறது, பின் சக்கரம் லேசாகிறது. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். வெறும் பின் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவன், முன்னால் லோரி திடீரென நின்றால் சறுக்கிக்கொண்டே அதன் அடியில் போவான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போகிறோம். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கை அசைய ஒன்றரை வினாடி ஆனால் 25 மீட்டர் காலி. பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. வயது கூடினால் அந்த ஒன்றரை வினாடி கூடுமே தவிரக் குறையாது. அது தவிர, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்கு. ஞாயிறு காலை ஆள் இல்லாத நேரம் ஒரு காலி இடத்தில் போய், முன் பிரேக்கை மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக அழுத்திப் பழகினேன். வேடிக்கை பார்த்த பையன்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து உதவிக்கு வந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 18

பஹாவ்காரர் விடவில்லை. அவர் இன்னும் தோட்டத்துக்குள்ளேயே இருப்பதால் முன் பிரேக்கே வேண்டாம் என்கிறார். அவர் ஓட்டும் இடத்துக்கு அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவரும் சம்பளத்தன்று பட்டணத்துக்கு வருவார் அல்லவா? தோட்டத்துக் கேட்டைத் தாண்டி டயர் தாரைத் தொட்ட அந்த இடத்திலேயே கையும் மாற வேண்டும். எனக்கு அது மாற வாரக்கணக்கில் ஆனது. இப்போதும் அவசரத்தில் வலது கால்தான் முதலில் போகிறது.

செப்டம்பர் 21

யமஹா ஆர்எக்ஸ்இசட் வண்டியே மேல் என்று சொல்லும் ஆர்எக்ஸ்இசட் ஆசாமிகள் வந்துவிட்டார்கள். வருவார்கள் என்று தெரியும்.

ஆமாம், எனக்கும் அந்த வண்டி மேல் ஆசை உண்டு. 135 சிசி, டூ ஸ்ட்ரோக், புகை வாசனையே ஒரு தனி சுகம். யமஹா 2011-ல் நிறுத்திய பிறகு அதன் விலை ஏறியதைப் பார்த்தால் நிலம் வாங்காமல் அதை வாங்கியிருக்கலாம். வாங்கினாலும் ராத்திரி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். திருடர்களுக்கும் அந்த வண்டி மேல் அதே பாசம்.

திரும்ப ஓட்ட ஆரம்பிக்கிறவனுக்கு அது வண்டி இல்லை என்பது என் கருத்து. கிளட்ச், பவர் பேண்ட் (எஞ்சின் திடீரெனப் பாயும் கட்டம்), இருபது வயது ஞாபகம் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். என் ஈஎக்ஸ்5 மாதிரிக் கப்சாய் (சின்ன மோட்டார்) போதும். கிளட்ச் நெம்புகோல் இல்லை, நடுவில் டேங்க் இல்லை, காலைத் தூக்கிச் சுற்றிப் போட வேண்டாம். முட்டி வலிக்காரனுக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன?

செப்டம்பர் 21, கொஞ்ச நேரம் கழித்து

"55-ல் சேமநிதி வந்ததும் பெரிய மோட்டார் வாங்கப் போகிறேன், பி லைசென்ஸுக்குப் பதிந்துவிட்டேன்" என்கிறார் ஒருவர். வாங்குங்கள், உங்கள் பணம். முதலில் ஆறு மாதம் சின்ன வண்டியில் மழையிலும் வெயிலிலும் வேலைக்குப் போய் வாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது உண்மையான ஆசை. புதிதாக வாங்கினால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக்) உள்ளதா பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புது மாடல்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். என் ஈஎக்ஸ்5-ல் அதெல்லாம் கிடையாது. முன்னும் பின்னும் டிரம் பிரேக், மேலே முருகன்.

செப்டம்பர் 26

உடம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆம்பிளைகள் கேட்க மாட்டோம். நானே எழுதுகிறேன்.

கண். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டும் ஒரே கண்ணாடியில் இருந்தால், ஹெல்மெட்டுக்குள் கண்ணாடி கொஞ்சம் மேலே ஏறினாலும் சக்கரத்துக்கு முன்னால் உள்ள ரோடு மங்கிவிடும். குழி தெரிய வேண்டிய இடம் அதுதான். மோட்டாருக்கென்று தூரப் பார்வை மட்டும் உள்ள கண்ணாடி ஒன்று தனியாகப் போட்டேன். ராத்திரியில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணில் அடித்தால், பார்வை தெளிய முன்பைவிட நேரம் எடுக்கிறது. இருட்டியதும் பழைய நெடுஞ்சாலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன், தாமானுக்குள் மட்டும்.

கழுத்து. கண்ணாடியில் தெரியாத மூலையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இருபது வயதில் ஆந்தை மாதிரித் திரும்பும். இப்போது தோளோடு சேர்ந்துதான் திரும்புகிறது, தோள் திரும்பினால் ஹெண்டலும் கூடத் திரும்புகிறது. காலையில் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் கழுத்தைச் சுற்றுகிறேன். மனைவி பார்த்துவிட்டு, "சாமி வந்துருச்சா?" என்கிறாள்.

இனிப்பு நீர். நம்மவர்களிடம் இது அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை மருந்து மாத்திரை பற்றி எல்லாரும் பேசுவார்கள், பாதத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். வருடக்கணக்கில் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். மோட்டாரில் இடது பாதம் கியர், வலது பாதம் பின் பிரேக். செருப்புக்குள் மண் இருப்பதே தெரியாத காலுக்கு, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று எப்படித் தெரியும்? ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் இதனாலேயே விட்டுவிட்டார். நல்ல ஓட்டுநர். மருத்துவர் சொல்லவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். அவரைக் காசில்லாதவன், கிறுக்கன் இரண்டிலும் சேர்க்க முடியாது. புத்திசாலி.

காலையில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம். சர்க்கரை இறங்கினால் தலை சுற்றும், காடியில் என்றால் ஓரமாக நிறுத்தி உட்காரலாம்.

செப்டம்பர் 27

டயர் பற்றி: கிடப்பில் இருந்த வண்டியின் டயரில் பூ (வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-ன் 23-ஆம் வாரம். ரப்பர் காய்ந்து இறுகியிருந்தால் மழையில் வழுக்கும். நம் தாத்தாக்கள் வெட்டிய பாலில் வந்த சாமான், நமக்கா தெரியாது?

செப்டம்பர் 30

2025-ல் இந்தத் தேதியில் பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. மைகாட் (அடையாள அட்டை) போட்டால் மாதம் 300 லிட்டர் வரை கொடுத்தார்கள். என் டேங்கில் நாலு லிட்டருக்கு மேல் ஏறாது. மீதியை ஊறுகாய் போடலாமா?

அக்டோபர் 4

"மனைவி என்ன சொன்னார்?" என்று கேட்பவர்கள் எல்லாம் மனைவிமார்களே என்று சந்தேகப்படுகிறேன்.

அவள் சொன்னது: "முதல்ல சொக்சோ என்னான்னு கேளுங்க." சொக்சோ என்பது தொழிலாளர் காப்புறுதி. கேட்டேன். சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற வழியில் விபத்து நடந்தால் அது சொக்சோவில் சேரும். சொந்தக் காரியத்துக்காக வழி மாறிப் போயிருந்தால் சிக்கல் என்று அப்போது சொன்னார்கள். அதனால் வேலை முடிந்து நேராக வீடு. மாமாக் (இந்திய முஸ்லிம்) கடையில் தே தாரிக் டீ குடிக்கப் போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இப்போது புதுக் காரணம் கிடைத்துவிட்டது.

இதை எழுதும்போது சிரிப்பாக இருந்தாலும், நம் நாட்டில் ரோட்டில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். அவள் பயப்படுவதில் தப்பு சொல்ல முடியாது. முகத்தை முழுக்க மூடும் ஹெல்மெட், சிரிம் முத்திரை (தரச் சான்று) உள்ளதாக வாங்கினேன். இரவுச் சந்தையில் முப்பது வெள்ளிக்குத் தொங்குவதை வாங்கி, வாரைக் கட்டாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அக்டோபர் 9

மழை பிடித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்குக் கருத்து, நாலரைக்குக் கொட்டுகிறது. ஆலை விடும் நேரமும் அதுதான்.

எங்கள் ரோட்டில் மூன்று சமாச்சாரம் கவனிக்க வேண்டும். இதை எந்த ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. தோட்டத்துச் சந்திப்பில் லோரி திரும்பும்போது செம்பனைப் பழம் உதிரும். அதன் மேல் அடுத்த லோரி ஏறினால் நசுங்கி எண்ணெய் வெளியே வரும். காய்ந்த ரோட்டில் ஆரஞ்சுக் கறையாகத் தெரியும், நனைந்த ரோட்டில் தெரியவே தெரியாது. அப்புறம், மண் பாதையிலிருந்து வரும் டிராக்டர் சக்கரத்தோடு சேற்றைக் கொண்டுவந்து தாரில் அப்பிவிடும். மழை ஆரம்பித்த முதல் பத்து நிமிடம்தான் மோசம், தூசியும் எண்ணெயும் சேர்ந்து குழம்பாக நிற்கும். நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்டால் பரவாயில்லை. ஆகவே தூறல் விழுந்ததும் ஓடிப்போய் வீடு சேர்ந்துவிடலாம் என்று முறுக்குவதைவிட, பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி, கொட்டிய பிறகு போவது நல்லது.

குழி, பழம், உடும்பு எதைக் கண்டாலும் அதையே முறைத்துப் பார்க்காதீர்கள். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். விலகிப் போகிற வழியைப் பாருங்கள். வேகத்தில் இடப்பக்கம் ஒதுங்க, இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ளுங்கள். கேட்டால் தப்பாகப் படும். செய்து பார்த்தால் வண்டி இடப்பக்கம் சாயும். நாமெல்லாம் சின்ன வயதிலிருந்து தெரியாமலே இதைச் செய்துகொண்டிருந்தோம். தெரிந்து செய்தால் அவசரத்தில் கை கொடுக்கும்.

அக்டோபர் 13

பழைய நெடுஞ்சாலையா, பிளஸ் விரைவுச்சாலையா என்று கேட்கிறார்கள். பிளஸ்ஸில் மோட்டாருக்கு டோல் இல்லை, உண்மை. ஆனால் வேகமாகப் பறக்கும் விரைவுப் பேருந்து பக்கத்தில் கடந்தால் ஈஎக்ஸ்5 ஆளோடு சேர்ந்து ஆடும். பழைய ரோடுதான் எனக்கு. துரோலாக், சுங்காய், பீடோர் என்று ஊர் ஊராகப் போகலாம். பீடோரில் கொய்யாவும் பெத்தாய்க் காயும் வாங்கலாம்.

துரோலாக் பக்கம் ரோட்டை ஒட்டித் தோட்டத்துக்குள் வளைந்து போகிற பழைய துண்டுப் பாதை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். போருக்கு முன்பே ரோட்டை நேராக்கியபோது விட்டுப்போன வளைவுகள் இந்தப் பக்கத்தில் இருந்தன. 1942 ஜனவரி 7 விடியுமுன் ஜப்பானியர் டாங்கிகளோடு அந்த வளைவுகளைப் பயன்படுத்தித்தான் பிரிட்டிஷ் படையின் பக்கவாட்டில் நுழைந்து சிலிம் ரிவர் வரை வந்தார்கள். மோட்டாரில் போனால் இதெல்லாம் கண்ணில் படுகிறது, காடியில் இருபது வருடம் போயும் நான் கவனித்ததில்லை.

அக்டோபர் 14

முன்னே 'இறங்கிவிட்டான்' என்று பார்ப்பதாக எழுதினேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். அப்படிப் பார்ப்பவர்கள் என் வயதுக்காரர்கள், காடி வாங்கியவர்கள். ஆலையில் பழம் ஏற்றும் பையன்களுக்கு அப்படி ஒன்றுமே இல்லை. அவர்களுக்கு மோட்டார் என்றால் மோட்டார். சங்கிலி தளர்ந்திருக்கிறது அண்ணே என்று ஒருவன் தானாகவே ஸ்பானர் எடுத்து வந்தான். காடியில் போன காலத்தில் அந்தப் பையன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கூச்சம் என் பக்கம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது படுகிறது. அம்மா மட்டும் மாறவில்லை. மோட்டாரைத் தெருவில் நிறுத்தாதே, பின்னால் கொண்டுபோய் நிறுத்து என்கிறார்.

அக்டோபர் 24

தீபாவளி முடிந்தது. பையன் காடியோடு வந்திருந்தான். சாவியை நீட்டி, "இந்த வாரம் நீங்க ஓட்டுங்கப்பா" என்றான். நான் ஓட்டினேன், ஏசி நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நிறுத்த இடம் தேடிச் சந்தையை மூன்று சுற்று சுற்றினேன்.

நவம்பர் 2

கேமரன் மலைக்குப் போகலாமா என்று தாப்பா ஊர் வாசகர் கூப்பிட்டிருக்கிறார். தாப்பாவிலிருந்து மலை மேல் உள்ள தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. கப்சாய் ஏறுமா என்று சிரிக்கிறவர்களுக்கு: காய்கறிக்காரர்கள் தினமும் ஏறுகிறார்கள். 1,400 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கும், மூன்றாவது கியரில் பொறுமையாகப் போனால் சரி.

இறங்கும்போதுதான் கவனம். டிரம் பிரேக்கை வழி நெடுக அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொடுங்கள். வளைவின் உள்ளே ஒருபோதும் வேண்டாம்.

என் நிபந்தனை: ஏழு மணிக்குத் தாப்பா பேருந்து நிலையம் பக்கம், பசியாறிவிட்டு வர வேண்டும். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போவார், ஒருவரும் அவரை முந்தக் கூடாது. இரண்டு மணிக்கு மலையிலிருந்து இறங்க ஆரம்பிக்க வேண்டும், மழைக்கு முன். மழைச் சட்டையில் கால்சட்டையும் இருக்க வேண்டும், போன்சோ போட்டு வருகிறவரைக் கூட்டிப் போக மாட்டேன், காற்றில் பறந்து சக்கரத்தில் மாட்டும். சனிக்கிழமை இரவு டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். ஆர்எக்ஸ்இசட் ஆசாமிகளும் வரலாம், கடைசி வரிசை. உங்கள் புகையை நாங்கள் குடிக்க முடியாது.